தமிழில் டாக்டர் படிப்பு நடத்திய அமெரிக்கர்

தேவதானப்பட்டியில் நின்று தலை நிமிர்ந்தால், கொடைக்கானல் மலைத் தொடர் தெரியும். அந்த மலை மேல் 1845-ம் ஆண்டில் முதன் முதலாக நிலையாக வீடு கட்டிக் குடியேறிய வெள்ளைக்காரர்கள் இங்கிலீஷ்காரர்கள் அல்ல. மதுரைச் சீமையில் வேலை பார்த்து வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள்.

ஏன் மலை ஏறினார்கள்?

கீழே காலராவும் விஷக் காய்ச்சலும் அவர்களை வாட்டி எடுத்தன. பெரியவர்களும் குழந்தைகளும் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் குளிர்ந்த காற்றைத் தேடி மலைக்குப் போனார்கள்.

அந்தப் பாதிரிமார்கள் மதுரையில் கால் வைத்தது 1834-ல். அவர்களுடைய தாய் வீடு யாழ்ப்பாணம். அங்கே அமெரிக்க மிஷன் 1816 முதலே வேலை செய்து வந்தது. பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், வைத்தியசாலை எல்லாம் அங்கே இருந்தன.

அந்த யாழ்ப்பாண மிஷனுக்கு 1847-ல் ஒரு வாலிப டாக்டர் வந்து சேர்ந்தார். வயது 25. பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

மேல்நாட்டு வைத்தியத்தை முழுக்க முழுக்கத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தவர் அவர். அதற்காகச் சொல் தேடினார்; சொல் கிடைக்காத இடத்தில் சொல் செய்தார். தமிழில் சுமார் 4,500 பக்க வைத்திய நூல்கள் அவருடைய முயற்சியால் வெளிவந்தன.

அண்ணன் தம்பி

கிரீன் பிறந்தது 1822 அக்டோபர் 10-ந் தேதி. ஊர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஊஸ்டர். பெரிய குடும்பம். வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

அவருக்கு இரண்டு வயது மூத்தவர் ஆண்ட்ரூ. இந்த அண்ணன் பின்னாளில் நியூயார்க் நகரத்தின் பெரும் புள்ளி ஆனார். உலகப் புகழ் பெற்ற சென்ட்ரல் பார்க் பூங்கா உருவாக உழைத்தவர்களில் அவர் முக்கியமானவர். சிதறிக் கிடந்த பகுதிகளைச் சேர்த்து 1898-ல் இன்றைய நியூயார்க் மாநகரம் உண்டானதற்கும் அவரே மூல காரணம்.

அண்ணன் நியூயார்க்கை வளர்த்தார். தம்பிக்கு வாய்த்ததோ மானிப்பாய். யாழ்ப்பாணத்துப் பனை மரங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூர்!

தம்பி நியூயார்க்கில் வைத்தியக் கல்லூரியில் படித்து 1845-ல் பட்டம் பெற்றார். பக்தி மிகுந்தவர். நோய் தீர்ப்பதோடு மதம் பரப்புவதும் தம் வேலை என்று கருதினார். அதை அவர் மறைத்ததில்லை.

அவர் கப்பல் ஏறிய சமயத்தில், அவருடைய சொந்த மாகாணத்திலே வைத்திய உலகமே புரண்டிருந்தது. பாஸ்டன் ஆஸ்பத்திரியில் 1846 அக்டோபரில், ஈதர் என்ற மருந்தை முகரச் செய்து, நோயாளிக்கு வலி தெரியாமல் கத்தி வைத்துக் காட்டினார்கள். அந்த உணர்வற்ற நிலைக்கு என்ன பெயர் வைப்பது? இங்கிலீஷிலே சொல் இல்லை. ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற பாஸ்டன் டாக்டர் கிரேக்க மொழியிலிருந்து 'அனஸ்தீசியா' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தார். உணர்ச்சி இல்லாமை என்பது அதன் பொருள்.

கிரீன் 1847-ல் கப்பல் ஏறியபோது அந்தச் சொல்லுக்கு ஒரு வயது கூட நிரம்பவில்லை. இங்கிலீஷும் கடன் வாங்கித்தான் வைத்தியம் பேசியது என்பதற்கு இது நல்ல சாட்சி.

மானிப்பாய்

யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் அமெரிக்க டாக்டர் கிரீன் அல்ல. ஜான் ஸ்கடர் என்பவர் 1820 வாக்கிலேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியை உண்டாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேத்திதான்.

ஆனால் ஊர் விட்டு ஊர் வந்த ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? உள்ளூர்ப் பையன்களை டாக்டர்களாக்க வேண்டும் என்று கிரீன் முடிவு செய்தார். 1848-ல் மானிப்பாயில் வைத்தியசாலையும், அதோடு ஒரு வைத்தியப் பள்ளியும் தொடங்கின. இலங்கையிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்த முதல் பள்ளி அதுதான்.

முதலில் பாடம் இங்கிலீஷில் நடந்தது. பையன்கள் கெட்டிக்காரர்கள். நன்றாகப் படித்தார்கள்.

படித்து முடித்ததும் என்ன ஆயிற்று?

இங்கிலீஷ் தெரிந்த டாக்டருக்கு சர்க்கார் உத்தியோகம் காத்திருந்தது. கொழும்புப் பக்கமும் தோட்டங்களிலும் நல்ல சம்பளம். பையன்கள் பெட்டியைக் கட்டினார்கள். கிராமத்து ஜனங்கள் பழையபடியே நின்றார்கள்.

பையன்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாதச் சம்பளம் என்பது சிறு விஷயமா?

கிரீன் வேறு விதமாக யோசித்தார். தமிழிலேயே படித்த டாக்டர் தமிழ் ஊரிலேயே இருப்பான். பக்கத்து வீட்டுக் கிழவிக்கு என்ன வியாதி என்று அவளுக்குப் புரியும்படி சொல்வான். உடையும் பேச்சும் மாறிய டாக்டரைக் கண்டால் அவள் ஒதுங்கிப் போவாள். தம்முடைய மாணவர்கள் கால்சட்டையும் சப்பாத்தும் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் வேஷம் போடுவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவர் ஆனாலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

கொள்கை சரி. பாடப் புத்தகம் எங்கே?

சொல்லுக்கு எங்கே போவது?

கிரீன் தமிழைக் கற்றுக்கொண்டார். பேசுகிற அளவுக்கு மட்டும் அல்ல, நூல் திருத்துகிற அளவுக்கு. அப்போதுதான் காரியம் எவ்வளவு கடினம் என்று தெரிந்தது.

'நரம்பு' என்ற ஒரு சொல்லைப் பார்த்தாலே போதும். கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதை நாம் நரம்பு என்கிறோம். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் இன்றும் சொல்லக் கேட்கலாம். ஆனால் அது இரத்தம் ஓடும் குழாய். மூளையிலிருந்து செய்தி கொண்டு போகும் மெல்லிய இழைக்கும் நரம்பு என்றே பெயர். தசையை எலும்போடு கட்டும் வாரையும் பலர் நரம்பு என்பார்கள். ஒரு பெயருக்கு மூன்று பொருள்! வீட்டுப் பேச்சில் இதனால் கெடுதல் இல்லை. கத்தி எடுக்கிற டாக்டருக்கு, எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று தெரிய வேண்டுமே!

இன்னொரு பக்கம், தமிழில் ஏற்கனவே கச்சிதமான சொற்கள் குவிந்து கிடந்தன.

கண்ணின் நடுவே உள்ள கருவட்டத்துக்கு மேல்நாட்டார் வைத்த பெயர், லத்தீன் மொழியில் சின்னப் பொம்மை என்று பொருள்படும். ஒருவர் கண்ணை நெருங்கிப் பார்த்தால் நம் உருவம் பொம்மை போல் அதில் தெரியும் அல்லவா? தமிழன் அதற்குக் 'கண் பாவை' என்று பெயர் வைத்தான். பாவை என்றாலும் பொம்மைதான். இரண்டு வெவ்வேறு ஜாதியார் ஒரே பொம்மையைக் கண்டிருக்கிறார்கள்.

கழுத்துக்குக் கீழே இரு பக்கமும் குறுக்காக ஓடும் எலும்பு லத்தீன்காரனுக்குச் சின்னச் சாவியாகத் தெரிந்தது. தமிழில் அது 'காறை எலும்பு'. காறை என்பது பெண்கள் கழுத்தில் அணியும் நகை. நகை பூணும் இடத்து எலும்புக்கு நகையின் பெயரே வந்துவிட்டது.

முழங்காலில் வட்டமாக உள்ள எலும்புக்கு அவர்கள் சிறு தட்டு என்று பெயர் வைத்தார்கள். நாம் சில்லு என்றோம். முழங்கால் சில்லு!

புற்றுநோய்க்கு மேல்நாட்டுப் பெயர் நண்டு. கட்டியைச் சுற்றிப் புடைத்த இரத்தக் குழாய்கள் நண்டின் கால்கள் போல் இருந்தனவாம். தமிழர் கண்ணுக்குப் பட்டது கறையான் புற்று.

கையை மடக்கினால் தோலுக்கு அடியில் தசை ஓடுகிறதே, அதற்கு அவர்கள் இட்ட பெயர் சுண்டெலி. அந்தச் சுண்டெலிதான் இங்கிலீஷில் 'மஸில்' என்று வழங்குகிறது. பெரிய பெரிய டாக்டர்கள் கம்பீரமாகச் சொல்லும் பெயர்களை உரித்துப் பார்த்தால் உள்ளே எலியும் நண்டும் பொம்மையும் தட்டும் இருக்கும்.

பெயர் வைப்பதில் மேல்நாட்டார் தவறியதும் உண்டு. 'மலேரியா' என்றால் இத்தாலிய பாஷையில் கெட்ட காற்று. காற்றுக் கெட்டுத்தான் காய்ச்சல் வருகிறது என்று நம்பிய காலத்துப் பெயர் அது. பெரியாறு அணை கட்டப் போன கூலிகளையும் துரைமார்களையும் கூடலூர்க் காட்டுக்கு அப்பால் வாரிக்கொண்டு போனது இந்தக் காய்ச்சல்தான். அணை 1895-ல் முடிந்தது. கொசுதான் காரணம் என்று சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897-ல். கொசு பிடிபட்ட பிறகும் கெட்ட காற்று என்ற பெயர் போகவில்லை. நம் ஜனங்கள் நோய்க்காரனின் உடம்பைப் பார்த்து, குளிர் காய்ச்சல் என்றும், முறை வைத்து வருவதால் முறைக் காய்ச்சல் என்றும் சொன்னார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கிரீன் தமக்கு ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடுவது. தமிழில் இல்லாவிட்டால் வடமொழியில் பார்ப்பது. அங்கேயும் கிடைக்காவிட்டால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் எழுத்தில், தமிழ் வாய்க்கு ஏற்றபடி எழுதிக்கொள்வது.

அதே மிஷனைச் சேர்ந்த வின்ஸ்லோ பாதிரியார் 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட தமிழ் - இங்கிலீஷ் அகராதியை 1862-ல் சென்னையில் வெளியிட்டார். ஆனால் அகராதியில் சொல் இருப்பது வேறு. நோயாளியின் பக்கத்தில் நின்று சொல்லத் தகுந்த சொல் வேறு.

முதல் நூல்கள்

கட்டர் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய உடல் நூலை கிரீன் முதலில் எடுத்துக்கொண்டார். அது 1852-ல் தமிழில் வந்தது. பெயர், 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்'.

வாயில் நுழையவில்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

அங்காதிபாதம் என்றால் உடம்பின் உறுப்புகளைப் பற்றிய படிப்பு. தெய்வத்தைத் தலை முதல் கால் வரை வருணித்துப் புலவர்கள் பாடுவதைக் கேசாதிபாதம் என்பார்கள். அந்தச் சாயலில் அமைந்த சொல் இது. சுகரணவாதம் என்றால் உறுப்புகள் ஒழுங்காக வேலை செய்யும் விதத்தைப் பற்றிய படிப்பு. உற்பாலனம் என்றால் உடம்பைப் பேணிக் காப்பது.

இன்று நாம் உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் என்கிறோம். எளிமைக்கு எடை போட்டால் இன்றைய சொற்களே ஜெயிக்கும். கிரீன் காலத்தில் படித்தவர் என்றால் வடமொழி கலந்து எழுதுபவர் என்று இருந்தது. அந்தக் காற்று அவர் நூல்களிலும் வீசியது.

1857-ல் 'பிரசவ வைத்தியம்' வந்தது. இந்தப் பெயர் யாருக்கும் விளங்கும். அந்தக் காலத்தில் தாயையும் பிள்ளையையும் ஒருங்கே பறி கொடுத்த வீடுகள் ஊருக்கு ஊர் இருந்தன. பெரிதும் வேண்டப்பட்ட புத்தகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பத்து வருஷ உழைப்பு உடம்பைத் தின்றுவிட்டது. கிரீன் அமெரிக்காவுக்குத் திரும்பினார். 1862-ல் மார்கரெட் என்ற பெண்மணியை மணந்துகொண்டார். அந்த ஆண்டே மனைவியோடு மீண்டும் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டார்.

தமிழ் வகுப்பு

1864-ல் மானிப்பாயில் தமிழ் வகுப்பு தொடங்கியது. எலும்பு, தசை, மருந்து, பிரசவம், இரண வைத்தியம் எல்லாம் தமிழில். வாத்தியார் அமெரிக்கர். மாணவர்கள் தமிழர். நோயாளிகள் அக்கம் பக்கத்து ஊர் ஜனங்கள். வகுப்பிலும் நோயாளியின் பக்கத்திலும் ஒரே பாஷை.

இரண்டு வருஷத்துக்குள் சோதனை வந்தது.

1866-லும் 67-லும் யாழ்ப்பாணத்தில் காலரா பரவியது. பஞ்சமும் கூடவே வந்தது. ஆயிரக் கணக்கில் ஜனங்கள் மடிந்தார்கள். ஒரே வீட்டில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று போனார்கள். கிரீனும் அவரிடம் படித்தவர்களும் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார்கள். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தமிழிலே எழுதி அச்சிட்டுப் பரப்பினார்கள்.

காலரா என்ற பெயருக்கு மூலம், பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பித்தம் மிஞ்சி வரும் நோய் என்று பண்டைக் கிரேக்க வைத்தியர்கள் எண்ணினார்கள். தமிழில் அதை வாந்திபேதி என்றார்கள். கெட்ட தண்ணீரில் வாழும் கிருமிதான் காரணம் என்பது கிரீன் காலத்து டாக்டர்கள் பெரும்பாலோருக்குத் தெரியாது. ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய டாக்டர் கல்கத்தாவில் ஆராய்ந்து அந்தக் கிருமியை உலகத்துக்குத் தெரிவித்தது 1884-ல். அந்த வருஷம் மே மாதம் கிரீன் கண்ணை மூடினார்.

காலராவோடு போராடிய அந்த வருஷத்திலேயே, 1867-ல், 'இரண வைத்தியம்' வெளிவந்தது. கத்தி வைத்துச் செய்யும் வைத்தியத்தைப் பற்றிய நூல். அதன் பிறகு நூல்கள் வரிசையாக வந்தன.

1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்'. இது கிரே என்ற இங்கிலீஷ் டாக்டரின் பேர் பெற்ற நூல். கிரேயின் நூல் லண்டனில் முதலில் வெளிவந்தது 1858-ல். பதினான்கே வருஷத்தில் அது தமிழில் படிக்கக் கிடைத்தது. பாவம், கிரே தம் நூலின் புகழை அதிக நாள் காணவில்லை. பெரியம்மை கண்டு 34 வயதில் 1861-ல் இறந்தார்.

அதே 1872-ல் 'வைத்தியாகரம்'. நோய்களையும் அவற்றுக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தையும் சொல்வது. 1875-ல் 'கெமிஸ்தம்'. மருந்து கலக்கிறவனுக்கு வேண்டிய பொருள்களின் சாஸ்திரம். கெமிஸ்ட்ரி என்ற இங்கிலீஷ் சொல்லே தமிழ் உடை உடுத்திக் கெமிஸ்தம் ஆயிற்று. பின்னாளில் இதற்கு இரசாயனம் என்ற சொல் வழங்கியது. இப்போது பள்ளிப் பிள்ளைகள் வேதியியல் என்கிறார்கள். ஒரே படிப்புக்கு நூறு வருஷத்தில் மூன்று பெயர்!

இத்தனையும் கிரீன் தனியாகச் செய்தவை அல்ல. அவருடைய மாணவர்களே மொழிபெயர்த்துக் கொடுத்தவை பல. சொல்லைப் பொறுக்குவதிலும் பொருளைச் சரி பார்ப்பதிலும் அவர் கூட இருந்தார். மறுபடி மறுபடி திருத்தினார். சொற்களுக்குப் பட்டியல் தயாரித்து அவற்றையும் அச்சிட்டார். அடுத்து எழுத வருகிறவன் மீண்டும் முதலிலிருந்து தேடக்கூடாது அல்லவா?

கடல் கடந்தும்

உடம்பு மறுபடியும் தளர்ந்தது. 1873-ல் கிரீன் யாழ்ப்பாணத்தை விட்டுக் குடும்பத்தோடு ஊஸ்டருக்குத் திரும்பினார். பிறகு வரவே இல்லை.

அவரிடம் வைத்தியம் படித்துத் தேறியவர்கள் அறுபது பேருக்கு மேல்.

அவர் போன சில ஆண்டுகளில் மானிப்பாய்ப் பள்ளி நின்றது. கொழும்பில் 1870-லேயே சர்க்கார் வைத்தியப் பள்ளி திறந்தாகிவிட்டது. அங்கே பாடம் இங்கிலீஷில். உத்தியோகமும் கௌரவமும் அந்தப் பக்கம் இருந்தபோது, தமிழ் வகுப்புக்கு யார் வருவார்கள்? தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் பாடம் இங்கிலீஷில்தான் நடந்து வந்திருக்கிறது.

கிரீன் செய்த சொற்களில் பெரும்பாலானவை இன்று வழக்கில் இல்லை. 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் சாஸ்திரச் சொற்களுக்காக ஒரு சங்கம் வைத்துத் தமிழ்ச் சொல் தேடினார்கள். பின்னர் சென்னையிலும் கொழும்பிலும் பலர் தேடினார்கள். அந்தப் பாதையில் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்பே ஒருவர் நடந்து முடித்திருந்தார்.

ஊஸ்டரில் கிரீன் சும்மா உட்காரவில்லை. தமிழ் பேச ஆள் இல்லாத ஊர். மாரிக் காலம் வந்தால் தெருவெல்லாம் பனி மூடும். அங்கே இருந்துகொண்டு தமிழ் வைத்திய நூல் வேலையைத் தொடர்ந்தார். உறுப்புகளின் இயக்கத்தை விளக்கும் 'மனுஷ சுகரணம்' 1883-ல் வெளிவந்தது. நம் நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றிய 'இந்து பதார்த்த சாரம்' அவருடைய கடைசி முயற்சி.

1884 மே 28-ந் தேதி, பிறந்த ஊரிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 61.

மானிப்பாயில் அவர் தொடங்கிய வைத்தியசாலைக்குப் பின்னாளில் கிரீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று பெயர் வந்தது. யுத்த காலத்தில் அது பட்ட கஷ்டம் கொஞ்சம் அல்ல. அந்தப் பெயரோடு இன்றும் இருக்கிறது.

சாகும் முன் கிரீன் தம் கல்லறைக்கு ஆடம்பரம் வேண்டாம் என்று சொல்லி வைத்தார். சாதாரணக் கல் போதும். பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். அதன் கீழே, தமிழருக்கு வைத்தியமும் வேதமும் கொண்டு சென்றவர் என்ற செய்தியைப் பொறிக்கச் சொன்னார். ஊஸ்டர் இடுகாட்டில் அவர் குடும்பத்தார் அப்படியே செய்தார்கள்.